மடித்த வேட்டியும் கருவாடும்: லாஸ்லெஸ் ஆடியோ என்றால் என்ன, எப்போது தேவை?

மாமா 1987-ல் தம்மாமில் இருந்து ஒரு கேசட் அனுப்பியிருந்தார். கடிதம் எழுதுவது அவருக்கு ஆகாது. அந்தக் காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போன பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்துப் பேசித் தீர்த்துவிட்டு, லீவில் ஊருக்கு வருகிறவர் பையில் கேசட்டைத் திணித்து அனுப்புவார்கள். அறுபது நிமிடக் கேசட். ஒரு பக்கம் ஆச்சிக்கு, மறுபக்கம் மாமிக்கு. மாமி பக்கத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அதை டவுனில் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கினோம். 28 மெகாபைட்டில் ஒரு எம்பி3. "இரைச்சலையெல்லாம் எடுத்து கிளியரா பண்ணியிருக்கு" என்றார்கள். வீட்டில் போட்டால் மாமா கிணற்றுக்குள் இருந்து பேசுகிறார். 'ச' வருகிற இடத்திலெல்லாம் சோப்பு நுரை பொங்குகிற மாதிரி ஒரு சத்தம். கேசட்டில் அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்துப் பாடுவது கேட்கும். அது யார் என்று ஆச்சிக்கு ஒரு பெரிய விசாரணையே உண்டு. எம்பி3-யில் அந்த ஆள் இல்லை. திரும்பக் கடைக்குப் போனபோது கேசட்டும் இல்லை. பென் டிரைவ்தான் வந்துவிட்டதே, இனி அது எதற்கு என்று நாங்களே வாங்காமல் வந்திருந்தோம். தப்பில் பாதி எங்களுடையது.

அந்த 28 மெகாபைட்டுக்குள் வராமல் போனது எது, அது ஏன் திரும்பாது என்று தெரிந்துகொள்ளப் போனபோதுதான் லாஸ்லெஸ் என்ற சொல்லே எனக்கு அறிமுகம். 'இழப்பில்லாத' என்று பொருள். பாட்டுக் கேட்கும் ஆப்களில் இப்போது அந்தச் சொல் ஏதோ தங்க முலாம் போல மின்னுகிறது. விஷயம் அவ்வளவு கம்பீரமானதில்லை, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது.

ஒலி எப்படி ஃபைல் ஆகிறது என்பதில் இருந்து தொடங்கலாம். ஒலி என்பது காற்றில் ஏறி இறங்கும் அலை. மைக் அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக மாற்றுகிறது. கம்ப்யூட்டர் செய்வது அளவெடுக்கிற வேலை மட்டுமே. குளச்சல் கடலில் ஒரு கம்பை நட்டுவைத்து, தண்ணீர் இப்போது எவ்வளவு உயரம், இப்போது எவ்வளவு உயரம் என்று விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பது போல. வேகம்தான் வேறு. 1982-ல் விற்பனைக்கு வந்த சிடியின் கணக்குப்படி, வினாடிக்கு 44,100 தடவை குறிக்க வேண்டும். நல்ல காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு 20,000 அலை வரை கேட்கும்; ஓர் அலையைத் தவறாமல் பிடிக்க அதன் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பது கணிதம். அதனால்தான் 40,000-க்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒன்று. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எல்லாம் பெருக்கினால் நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 மெகாபைட்.

இந்த எண்களை எந்த வேலையும் செய்யாமல் அப்படியே அடுக்கிவைத்தால் அதுதான் வேவ் ஃபைல். மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் சேர்ந்து 1991-ல் கொண்டுவந்தது. ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் அதற்கு மூத்தது, 1988. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே.

635 மெகாபைட் என்பது இன்று ஒன்றுமில்லை. இன்டர்நெட் டெலிஃபோன் கம்பியில் கீச்சுக் கீச்சென்று வந்த நாட்களில் அது பெரிய மலை. அதைக் குறைக்க வந்தது எம்பி3. அந்தப் பெயர் ஃபைலின் வாலில் ஏறியது 1995-ல். அதன் தந்திரம் நம் காதின் பலவீனத்தில் இருக்கிறது. கோயிலில் செண்டை மேளம் உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் காதோடு ஏதோ சொல்கிறார். நமக்கு உதடு அசைவதுதான் தெரிகிறது. சத்தம் இருக்கத்தான் செய்கிறது, பெரிய சத்தம் அதை மூடிவிடுகிறது. எப்படியும் கேட்கப்போவதில்லை என்றால் அதை எதற்குச் சேமிக்க வேண்டும்? எம்பி3 இப்படிக் கணக்குப் பார்த்துப் பார்த்துக் கழிக்கிறது. சிடியில் வினாடிக்கு 1,411 கிலோபிட் இருந்த ஒலி, 128 கிலோபிட் எம்பி3-யில் பதினொன்றில் ஒரு பங்காகிறது.

புத்திசாலித்தனமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கேட்பதில் பெரும்பகுதிக்கு அது போதும். ஆனால் கழித்தது கழித்ததுதான். மீனைக் கருவாடாக்குவதைப் போல: எடை குறையும், எடுத்துப்போக வசதி, குழம்புக்கும் ருசி. ஆனால் அந்தக் கருவாட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் காலையில் அது மீனாகாது.

ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் ஃபார்மட் வேறு வழியில் போகிறது. வேட்டியை மடித்து வைப்பது போல. மடித்தால் பெட்டியில் குறைந்த இடம், விரித்தால் ஒரு நூல்கூடக் குறையாமல் அதே எட்டு முழம். ஜோஷ் கோல்சன் என்பவர் 2000-ல் தொடங்கிய வேலை அது. 2001 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். 2024 டிசம்பரில் இன்டர்நெட்டின் முறையான தரநிலைகளில் ஒன்றாகவும் எழுதிவைக்கப்பட்டுவிட்டது. பல வருஷம் கழித்துத் திறக்கப்போகும் ஃபைலுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒன்றையும் தூக்கிப்போடாமல் எப்படிச் சிறிதாக்க முடியும்? எனக்கு இதுதான் ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு துண்டு ஒலியை எண்ணாகப் பார்த்தபோது புரிந்தது. அலையின் அளவுகள் 1000, 1012, 1023, 1033, 1042 என்று வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டைப் பார்த்தாலே 12 ஏறியிருக்கிறது, அடுத்தது 1024 ஆக இருக்கும் என்று ஊகிக்கலாம். வந்தது 1023. தப்பு ஒன்றுதான். அடுத்த ஊகம் 1034, வந்தது 1033. மறுபடி ஒன்று. அதற்கடுத்து 1043, வந்தது 1042. ஆக, நாலு இலக்க எண்களை எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஊகிக்கிற முறையையும், ஒவ்வொரு தடவையும் ஊகம் எவ்வளவு பிசகியது என்பதையும் எழுதினால் போதும். பிசகு சின்ன எண். சின்ன எண்ணுக்குக் குறைந்த இடம். விரிக்கும்போது அதே முறையில் ஊகித்துப் பிசகைக் கூட்டினால் பழைய எண் அச்சு அசலாக வந்துவிடும். கடலலை கூட அப்படித்தானே, இந்த நொடி ஏறிக்கொண்டிருப்பது அடுத்த நொடியே பாதாளத்துக்குப் போய்விடுவதில்லை.

ஊகம் பலிக்காத ஒலியும் உண்டு. திற்பரப்பு அருவிக்குப் போனபோது ஃபோனில் ஒரு நிமிடம் வேவாகப் பதிவு செய்துவந்தேன். பத்தரை மெகாபைட். ஃபிளாக் ஆக்கினால் எட்டரைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அருவியின் இரைச்சலில் அடுத்து என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாதே. அதே ஃபோனில் ராத்திரி முற்றத்தில் ஆச்சி கதை சொன்னதை ஒரு நிமிடம் எடுத்தேன். அது மூன்றரைக்கு வந்துவிட்டது. பாட்டுகள் பொதுவாக இரண்டுக்கும் இடையில் நிற்கும், வேவின் பாதியில் இருந்து எழுபது சதவீதம் வரை. பழைய மெல்லிய பாட்டு நன்றாக மடியும். காது கிழிய ஏற்றிவைத்த புதுப் பாட்டு மடியாது. ஆகவே ஃபிளாக் ஃபைல் பெரிதாக இருந்தால் தரம் கூடுதல் என்று எண்ண வேண்டாம். உள்ளே இரைச்சல் கூடுதலாக இருக்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஃபிளாக் ஆக்கும்போது 0 முதல் 8 வரை ஒரு எண் கேட்கும். எட்டுதான் உசத்தி என்று பலர் அதைப் போடுவார்கள். அது தரம் இல்லை. எவ்வளவு நேரம் எடுத்து எவ்வளவு இறுக்கி மடிக்கலாம் என்பது மட்டுமே. எந்த எண்ணில் மடித்தாலும் விரித்தால் அதே வேட்டி.

ஆப்பிள்காரர்கள் 2004-ல் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். பெயர் ஏலாக். 2011-ல் அதையும் பொதுவில் திறந்துவிட்டார்கள். வேலை ஃபிளாக் செய்வதேதான். சிக்கல் பெயரில்: ஏலாக் ஃபைலின் வாலும் எம்4ஏ, கழித்துச் சுருக்கிய ஏஏசி ஃபைலின் வாலும் எம்4ஏ. வாலைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது, ஃபைலின் விவரத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஐபோனின் ஃபைல்ஸ் ஆப்பில் ஃபிளாக் பாடும், ஆனால் ஆப்பிளின் மியூசிக் லைப்ரரிக்குள் சேர்க்க விடாது. சேர்க்க வேண்டுமென்றால் ஏலாக் ஆக்கிக்கொள்ளலாம். வேவ், ஃபிளாக், ஏலாக் மூன்றுக்கும் இடையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், பிட்டைக் குறைக்காதவரை ஒன்றும் குறையாது. வேவ்பேக், மங்கீஸ் ஆடியோ என்று வேறு சிலவும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றைத் தேடிப்போக வேண்டியதில்லை.

இனி நான் அடிக்கடி வாதாடித் தோற்கும் விஷயம். என் சித்தப்பா மகன் டெலிகிராமில் இருந்து பழைய பாட்டுகளை '24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக்' என்ற பெயரில் ஜிபி கணக்கில் இறக்குவான். யூடியூபில் இருந்து வேவாக எடுத்துத் தரும் தளங்களும் அவனுக்கு அத்துப்படி. யூடியூப் நமக்குத் தருவதே கழித்துச் சுருக்கிய ஒலி. அதை வேவாக எடுத்தால் கருவாட்டை மீன் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கிய கதைதான். இடம் பத்து மடங்கு, சரக்கு அதே. கறந்த பால் மடி புகாது என்று ஆச்சி சொல்வாள். எம்பி3-யை ஃபிளாக் ஆக்குகிறவர்களுக்குச் சொன்ன மாதிரியே இருக்கும்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். கீழே தாழ்ந்த சுருதி ஒலி, மேலே உச்ச சுருதி ஒலி என்று வண்ணப்படமாக வரும். 128 கிலோபிட் எம்பி3-யில் இருந்து வந்ததென்றால் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அரிவாளால் சீவியது போல ஒரு நேர்கோடு, அதற்கு மேலே வெறும் கறுப்பு. ஆனால் மேலே கறுப்பாக இருப்பதெல்லாம் போலி என்றும் முடிவு கட்டக்கூடாது. பழைய கேசட்டில் உச்சத்து ஒலி அசலிலேயே இருக்காது. அது மலைச் சரிவு போல மெல்ல மெல்ல மங்கும். சீவிய கோடுதான் சந்தேகத்துக்குரியது. 320 கிலோபிட்டில் இருந்து வந்த போலியில் அந்தக் கோடும் 20,000-க்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும், பிடிப்பது கஷ்டம்.

சரி, காதுக்கு வித்தியாசம் தெரியுமா? நானே சோதித்துப் பார்த்தேன். சிடியில் இருந்து எடுத்த ஒரு பாட்டையும் அதன் 320 கிலோபிட் எம்பி3-யையும் மாற்றி மாற்றிச் சித்தப்பா மகனைப் போடச் சொன்னேன். எது எது என்று நான் திரும்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பத்தில் ஆறு சரி. காசு சுண்டிப்போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். அவன் முறை வந்தபோது நாலாவது தடவையிலேயே கையை விட்டுவிட்டான். "இது என்ன மக்கா, ரெண்டும் ஒண்ணு போலத்தான கேக்கு" என்றான். அவ்வளவு ஜிபி இறக்கியவன்.

அப்புறம் வில்லுப்பாட்டை எடுத்தேன். வில்லில் கட்டிய மணிகள், ஜால்ரா, கட்டை, உடுக்கை. இதை 128 கிலோபிட்டில் போட்டபோது பத்தில் ஒன்பது சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் கணக்குப் போடுகிறது. சிடி வேகத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லி வினாடி. கழித்ததில் வருகிற பிசிறு அந்தத் துண்டு முழுக்கப் பரவும். பாட்டோ பேச்சோ என்றால் பரவியது தெரியாது. ஜால்ரா அப்படியில்லை, அமைதிக்கு நடுவே திடீரென்று 'ணங்' என்று வெட்டும். அந்த 'ணங்'குக்கு ஒரு கண் இமைக்கும் நேரம் முன்பே 'ஷ்' என்று ஒரு தூசி கிளம்பிவிடுகிறது. வில்லைத் தட்டும் வீசுகோல் படும் முன்பே மணி மூச்சு விடுகிற மாதிரி. ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் பிறகு எங்கே போனாலும் கேட்கும், அதனால் ரொம்பத் தேடாதீர்கள்.

கேட்பதற்கு மட்டும் என்றால் என் பதில் சுருக்கமானது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புளூடூத் இயர்ஃபோனில் கேட்கிறவருக்கு லாஸ்லெஸ் வீண். புளூடூத்தே பெரும்பாலும் ஒலியைக் கழித்துத்தான் அனுப்புகிறது. உசத்தியான எல்டாக் என்ற புளூடூத் முறைகூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான், சிடி அளவுக்கு அது எட்டாது. போதாததற்கு டேட்டா வேறு: லாஸ்லெஸில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 400 மெகாபைட். ஆப்பிள் மியூசிக் 2021-லும், ஸ்பாட்டிஃபை 2025-லும் லாஸ்லெஸைக் கொண்டுவந்தன. வீட்டு வைஃபையில், கம்பி போட்ட நல்ல ஸ்பீக்கரில் கேட்க அது சரி. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர்களுக்கு 320 எம்பி3 தாராளம். தென்னைமரத்தில் கட்டிய குழாயில் எதைப் போட்டாலும் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத்தான் வரும்.

லாஸ்லெஸின் உண்மையான இடம் வேறு. இனிமேல் கை வைக்கப்போகிற ஒலி, இன்னொரு தடவை கிடைக்காத ஒலி, இந்த இரண்டுக்கும்தான் அது.

கை வைப்பது என்றால் வெட்டுவது, ஒட்டுவது, சத்தம் கூட்டுவது. எம்பி3-யைத் திறந்து ஓர் இடத்தை வெட்டிவிட்டு மறுபடி எம்பி3-யாகவே சேமித்தால் ஃபைல் முழுக்க இன்னொரு தடவை கழிபடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல. சர்ச் பாடகர் குழுவின் பதிவை ஒருவர் வெட்டி, இன்னொருவர் எக்கோ சேர்த்து, மூன்றாமவர் வீடியோவில் ஏற்றி, கடைசியில் அது வாட்ஸ்ஆப்பில் வரும்போது ஆர்மோனியம் தகர டப்பா ஆகியிருக்கும். பதிவு செய்யும்போதே வேவில் எடுத்து, வேலை முடியும் வரை வேவாகவே வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு தடவை எம்பி3 ஆக்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு தடவை கிடைக்காத ஒலிக்கு எங்கள் ஊர்ப் பெட்டியே உதாரணம். அம்மன் கோயில் கொடைக்கு விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டைப் பல வருஷமாக ஒருவர் டேப்பில் பிடித்துவைத்திருந்தார். கமிட்டிக்காரர் வீட்டு மச்சில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் 14 கேசட், எல்லாம் தொண்ணூறு நிமிடம். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. மாமா கேசட்டில் பட்டது போதும் என்று இதை நானே செய்வதாகக் கேட்டு வாங்கிவந்தேன்.

நன்றாக ஓடும் கேசட் டெக் ஒன்றைத் தேடிப்பிடித்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, லைன் அவுட்டில் இருந்து கம்பி வழியாக கம்ப்யூட்டரில் கொடுத்தேன். ஸ்பீக்கருக்கு முன்னால் ஃபோனை நீட்டிப் பிடிப்பது வேண்டவே வேண்டாம். அதில் வீட்டு மின்விசிறியும் சேர்ந்து பாடும். வினாடிக்கு 48,000 அளவு, 24 பிட். இது நானாக வைத்த கணக்கில்லை. ஐயாசா என்று ஒலி ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. அவர்களுடைய வழிகாட்டுதலில் குறைந்தபட்ச அளவே இதுதான். பல காப்பகங்கள் 96,000-த்தில் எடுக்கின்றன. 24 பிட் என்றால் 65,536 படிக்குப் பதில் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் படி. கேசட்டின் இரைச்சலுக்கு நடுவே அவ்வளவு நுணுக்கம் இருக்கிறதா என்றால், இல்லை. வசதி வேறு இடத்தில்: சத்தத்தைக் குறைத்துவைத்து நிதானமாகப் பதிவு செய்யலாம். வில்லுப்பாட்டை நடத்தும் புலவர் திடீரென்று உச்சத்தில் எடுத்து, குடமும் உடுக்கையும் ஒன்றாக இறங்கும்போது முகடு வெட்டுப்படாது. வெட்டுப்பட்ட முகட்டை எந்த ஃபார்மட்டும் காப்பாற்றாது.

ஒரு கேசட் வேவாக ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஃபிளாக் ஆக்கியதும் சுமார் ஒரு ஜிபி. இன்னும் குறையும் என்று எதிர்பார்த்தேன். அருவிக் கணக்குதான் இங்கேயும்: டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் மடியாது, ஃபைலில் பெரும்பங்கை அதுவே தின்கிறது. அப்படியென்றால் இரைச்சலை எடுத்துவிட்டுச் சேமிக்கலாமே என்று கை பரபரக்கும். அதுதான் அந்தக் கடைக்காரர்கள் போன வழி. நான் ஒரு ஃபைலை டேப்பில் இருந்து வந்தபடியே, இரைச்சலோடு, நடுவில் குழந்தை அழுவதோடு, யாரோ "டீ வேணுமா?" என்று கேட்பதோடு வைத்துவிட்டேன். சுத்தம் செய்ததெல்லாம் அதன் நகலில். இரைச்சல் நீக்கும் மென்பொருள் வருஷத்துக்கு வருஷம் தேறி வருகிறது. பாட்டையும் மேளத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் தருவதுகூட இப்போது வந்துவிட்டது. நாளைக்கு வருவதற்குக் கொடுக்க மூலம் கையில் இருக்க வேண்டும். முன்பே கழித்துச் சுருக்கிய ஒலியில் அந்தக் கருவிகள் தடுமாறுகின்றன, மாமா எம்பி3-யில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வேவாகவே வைத்திருக்காமல் ஃபிளாக் ஆக்கியதற்கு இடம் மிச்சம் என்பது மட்டும் காரணமில்லை. ஃபிளாக் ஃபைலுக்குள் அசல் ஒலியின் கைரேகை போல ஒரு எண் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் சோதனை ஓட்டி, அன்று வைத்த ஒலி இன்றும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கலாம். கடற்கரை ஊரில் உப்புக்காற்றுக்குத் தாழ்ப்பாளே துருப்பிடிக்கிறது, பென் டிரைவ் எம்மாத்திரம். போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு பழைய பென் டிரைவில் இருந்த நகலைச் சோதித்தபோது இரண்டு ஃபைல் கெட்டிருந்தது. வேறு டிரைவில் இருந்த நகலில் இருந்து எடுத்து மாற்றினேன். வேவாக மட்டும் இருந்திருந்தால் யாராவது அந்த இடம் வரை போட்டுக் கேட்கும்போதுதான் தெரியவந்திருக்கும்.

இன்னொன்று, ஃபிளாக்கில் விவரத்தைத் தமிழிலேயே எழுதிவைக்கலாம், எழுத்து கட்டம் கட்டமாக உடையாது. எந்த வருஷக் கொடை, முத்தாரம்மன் கதையா சுடலைமாடன் கதையா, வலம்பாடியது யார், இடம்பாடியது யார், உச்சிக்கொடையா சாமக்கொடையா என்று எல்லாம் ஃபைலுக்குள்ளேயே போய்விடும். வேவிலும் எழுத வழி இருக்கிறது. ஆனால் ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்று படிக்கும் என்று நம்ப முடியாது.

வேவுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் நேரடியாகப் பதிவு செய்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. நான் சொன்ன அளவில் அது நாலு மணி நேரத்துச் சொச்சம். ராத்திரி பத்துக்குக் கணபதி காப்பு பாடித் தொடங்குகிற வில்லுப்பாட்டு, கதை சூடு பிடிக்கிற இடத்தில் நாலு ஜிபியைத் தொடும். நல்ல ரெக்கார்டர் தானாக அடுத்த ஃபைலுக்குத் தாவிக்கொள்ளும். உங்களுடையது தாவுமா என்று கொடைக்கு முன்பே வீட்டில் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கொடுத்தது எம்பி3-தான். 192 கிலோபிட்டில், பக்கத்துக்கு ஒரு ஃபைல், இரைச்சல் கொஞ்சம் குறைத்து. கமிட்டி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டபோது எல்லாரும் ஃபோனிலேயே கேட்டார்கள், யாரும் தரம் பற்றிப் பேசவில்லை, பாடியவர்களைப் பற்றித்தான் பேசினார்கள். வெளியூரில் இருக்கும் ஒரு புலவரின் மகனுக்கு மட்டும் ஃபிளாக்கை டாக்குமென்டாக அனுப்பினேன். டாக்குமென்டாகப் போட்டால் வாட்ஸ்ஆப் ஃபைலில் கை வைக்காது.

14-ல் 11 முடிந்தது. மீதி மூன்றில் வெள்ளையாகப் பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் டேப்பின் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்யக் கை பழகும் வரை அவற்றைத் தனியாக, ஈரம் படாத டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன்.

மாமாவின் 28 மெகாபைட்டை என்ன செய்தேன் என்று தம்பி கேட்டான். ஃபிளாக் ஆக்கிக் கொடு, பத்திரமாக இருக்கும் என்றான். ஆக்கவில்லை. இப்போதைக்கு அந்த எம்பி3-தான் மூலம். அதை அப்படியே மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்தேன். '1987 தம்மாம், பக்கம் 1 ஆச்சிக்கு, பக்கம் 2 மாமிக்கு' என்று பெயர் மட்டும் மாற்றினேன். இரண்டாவது பக்கம் இருக்கும் பகுதியை வெட்டி மாமியிடம் கொடுக்க வேண்டும். எம்பி3-யை மறுபடி கழிக்காமல் வெட்டு மட்டும் போட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை இறக்கிவைத்திருக்கிறேன்.